தீக்குளியலும் நீராட்டும்: அகலிகை முதல் கங்கை வரை

'வலிமை வாய்ந்த பெண் பாத்திரம்' என்னும் தொடர் இன்றைய திறனாய்வில் பெருவழக்காகிவிட்டது. வகுப்பறையில் இதற்கு எடுத்துக்காட்டுக் கேட்டால் மாணவர் முதலிற் சொல்லும் பெயர் கண்ணகி. அடுத்து, காக்கிச் சீருடை அணிந்து கயவரை அடித்து வீழ்த்தும் திரைப்படத் தலைவியர் வருவர். இரண்டு விடைகளுக்கும் பொதுவான ஒன்று உண்டு. அவ்விரண்டிலும் பெண்ணின் வலிமை பிறர் காணும்படி நிகழ்கிறது. அவையோரோ அரங்கினரோ அதற்குச் சாட்சி. ஆயின் தமிழ்ப் புனைகதை கடந்த நூற்றாண்டில் வேறொரு வகை வலிமையையும் தேடியிருக்கிறது. ஒரு பெண் குற்றவாளியா அல்லளா என்று தீர்ப்புச் சொல்லும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதே அத்தேடலின் மையம். அதன் வரலாற்றை, தீக்குளியல் என்னும் பழைய படிமம் கடந்து வந்த பாதையில் வைத்து இக்கட்டுரையில் நோக்குவோம். புதுமைப்பித்தனின் 'சாப விமோசனம்' (1943), ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' (1966), அவருடைய 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவல் (1970), அந்நாவல் திரைப்படமான வரலாறு (1977) ஆகியவை நாம் எடுத்துக்கொள்ளும் சான்றுகள்.

திரைப்படத்திலிருந்து தொடங்குவது பொருத்தமாகும். 1942ஆம் ஆண்டு ஜுபிடர் நிறுவனத்தின் 'கண்ணகி' வெளிவந்தது. பி. கண்ணாம்பா கண்ணகியாகவும் பி. யு. சின்னப்பா கோவலனாகவும் நடித்தனர், உரையாடல் இளங்கோவனுடையது. தமிழ்ப் பேசும் படத்தில் உரையாடல் ஒரு தனிக் கலையாக வளர்ந்ததில் இப்படத்திற்குப் பெரும்பங்கு உண்டு. பாண்டியன் அவையில் கண்ணகி வழக்குரைக்கும் காட்சி, பின்னர் வந்த படங்களுக்கு ஒரு வார்ப்பாக அமைந்தது. 'மனோகரா'வில் (1954) அதே கண்ணாம்பா அரசியாக நின்று பேசுவதும், 'பூம்புகார்' (1964) படத்தில் விஜயகுமாரி கண்ணகியாக வழக்காடுவதும் இவ்வார்ப்பின் தொடர்ச்சியே எனலாம். அநீதியைக் கண்ட பெண் அவையில் நிமிர்ந்து பேசுவாள், அவள் சொல்லுக்கு அரசு நடுங்கும் என்பது அவ்வார்ப்பு.

இவ்வார்ப்பின் ஆற்றலை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அதன் எல்லை எது என்று கேட்க வேண்டும். கண்ணகி வழக்குத் தொடுப்பது பாண்டியன்மீது, கோவலன்மீது அன்று. தன்னை விட்டுப் பிரிந்து சென்றவனைப் பற்றிய அவளுடைய வழக்கு எந்த அவைக்கும் வருவதில்லை. மேலும், அவள் பேச்சுக்கு அதிகாரம் தருவது அவளுடைய கற்பு. கற்பு ஐயத்திற்கு இடமானால் அச்சொல்லுக்கு என்ன மதிப்பு என்ற வினா அவ்வுலகில் எழுவதே இல்லை. திரைப்படமும் அதை எழுப்ப விரும்பியதில்லை.

அவ்வினாவைப் புதுமைப்பித்தன் அடுத்த ஆண்டே எழுப்பிவிட்டார். 1943இல் 'கலைமக'ளில் வெளிவந்த 'சாப விமோசனம்' அகலிகையின் கதையை, இராமன் திருவடி பட்டு அவள் கல்லிலிருந்து எழுந்ததற்கு அப்பாலும் கொண்டுசெல்கிறது. கம்பர் இவ்விடத்தில் அகலிகையை மனத்தாற் பிழை செய்யாதவள் என்று முனிவர் வாய்மொழியாகக் கூறுவித்துக் கோதமனுடன் சேர்த்து வைக்கிறார். காவியத்துக்கு அது முடிவு. புதுமைப்பித்தனுக்கு அது தொடக்கம். மன்னிக்கப்பட்டவள் அன்றாடம் எவ்வாறு வாழ்வாள்? நீராடச் சென்றால் பிற பெண்கள் எப்படிப் பார்ப்பார்கள்? கணவனிடம் ஒரு சொல்லை இயல்பாகச் சொல்ல இயலுமா? இத்தகைய சிறு தயக்கங்களாலேயே கதை நகர்கிறது. இதே ஆசிரியர் 1934இல் 'மணிக்கொடி'யில் 'அகல்யை' என்னும் கதையை எழுதியவர். ஒன்பது ஆண்டுகள் கழித்தும் அப்பாத்திரம் அவரை விடவில்லை.

பதினான்கு ஆண்டுகளுக்குப் பின் சீதை ஆசிரமத்துக்கு வருகிறாள். நெருப்பில் இறங்கியதை அவள் ஏதோ ஒரு செய்தியாக, சிரிப்புடன் சொல்கிறாள். அகலிகை அதிர்கிறாள். தன்னை மனத்தூய்மை கருதி ஏற்ற அதே இராமன், மாசே இல்லாத மனைவியைத் தீயில் இறங்கச் செய்தான் என்றால், தனக்குக் கிடைத்த விடுதலை எத்தகையது? கதையின் முடிவில் அவள் மீண்டும் கல்லாகிறாள். கோதமன் துறவு பூண்டு செல்கிறான். இராமாயணம் அறிந்தவர்க்கு இக்கதை பிடிக்காமற் போகலாம், அதைப் பொருட்படுத்தவில்லை என்ற கருத்துப்பட ஆசிரியரே முன்குறிப்பு ஒன்றும் எழுதிவைத்தார்.

இம்முடிவைச் சிலர் தோல்வி என்று வாசிப்பர். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. முதன்முறை அகலிகையைக் கல்லாக்கியது சாபம். இரண்டாம் முறை அவளைக் கல்லாக்குவது அவளுடைய அறிவே. தன்னை விடுவித்த நீதி இரண்டு அளவுகோல் உடையது என்று கண்டபின் அவ்விடுதலையை அவள் திருப்பிக் கொடுத்துவிடுகிறாள். கண்ணாம்பாவின் கண்ணகி அவையில் முழங்கியதற்கு மறு ஆண்டில், ஒரு சொல்லும் பேசாமல் தீர்ப்பையே மறுக்கும் பெண்ணைச் சிறுகதை படைத்துவிட்டது. இவ்விரு படைப்புகளையும் ஒரே பாடவேளையில் அடுத்தடுத்து வைத்துக் கற்பிப்பது பயனுடையது என்பது எம் பட்டறிவு.

புதுமைப்பித்தனுக்கு முன் தமிழ் நாவலில் இத்தகைய பெண்ணுக்குரல் இல்லாமலில்லை. வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' (1879) ஞானாம்பாளை ஆண் வேடத்தில் அரசாள வைத்தது. அ. மாதவையாவின் 'முத்துமீனாக்ஷி' (1903) ஓர் இளம் விதவை தன் வரலாற்றைத் தானே கூறும் வடிவில் அமைந்தது. பெண் 'நான்' என்று எழுதும் அவ்வடிவத்தின் பொருண்மை பெரிது. எனினும் மாதவையாவின் நோக்கம் சீர்திருத்தம். மறுமணம் என்னும் தீர்வு முன்கூட்டியே கையில் இருந்தமையால், அத்தீர்வை நோக்கியே குரல் நடத்திச் செல்லப்படுகிறது. அது பற்றி விரிவாகப் பேச இங்கு இடமில்லை.

இனி 1966. 'ஆனந்த விகடன்' இதழில் ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' வெளிவந்தது. மழை நாளில் பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் கல்லூரி மாணவி. காரில் வந்து ஏற்றிச்செல்லும் அறிமுகமில்லாத இளைஞன். அதன் பின் நிகழ்வது. வீடு திரும்பிய மகள் நடந்ததைச் சொல்ல, விதவைத் தாய் முதலில் அடித்துக் கதறுகிறாள். பக்கத்துக் குடித்தனக்காரர் காதில் விழுந்துவிடுமே என்ற உணர்வு வந்ததும் அடங்கி, மகளைக் குளியலறைக்கு அழைத்துச் சென்று தலையில் தண்ணீர் ஊற்றுகிறாள். இந்நீரே உனக்குத் தீ, நீ தூய்மையாகிவிட்டாய், உன் மனத்தில் களங்கமில்லை என்பது அவள் சொல்வதன் சாரம். இராமன் ஏவிய தீக்குளியல், ஓர் ஏழைத் தாயின் கையால் நீராட்டாக மாறுகிறது. தலைப்பு காவியத்தைக் குறிக்கிறது. காட்சியோ ஒண்டுக்குடித்தன வீட்டின் குளியலறையில் நடக்கிறது. தீர்ப்பு வழங்கும் அதிகாரம் அரசனிடமிருந்தும் கணவனிடமிருந்தும் தாயிடம் வந்துசேர்ந்தது இக்கதையில்தான். அதிலும் அவள் படிப்பாளி அல்லள், சீர்திருத்தவாதியும் அல்லள். அச்சமும் பாசமும் சேர்ந்து அவளை அவ்விடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்துகின்றன. தமிழ்ச் சிறுகதையின் வலிமைமிக்க பெண்களில் அத்தாய்க்கு முதல் வரிசையில் இடமுண்டு.

ஆனால் மகள்? கதையில் அவளுக்குப் பெயர்கூட இல்லை. அவள் குளிப்பாட்டப்படுகிறாள், அறிவுறுத்தப்படுகிறாள், தூய்மையானவள் என்று அறிவிக்கப்படுகிறாள். தூய்மை என்னும் அளவுகோல் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. 'மனத்தாற் பிழையில்லை' என்னும் கம்பர் காலத்து வாதமே இங்கும் அவளை விடுவிக்கிறது. அவ்வாதத்தின் போதாமையைப் புதுமைப்பித்தன் இருபத்து மூன்று ஆண்டுகளுக்கு முன்பே காட்டிவிட்டார் என்பதை நினைவிற் கொண்டால், 'அக்கினிப் பிரவேசம்' புரட்சிக் கதை என்று பெயர்பெற்றது ஓரளவு வியப்புக்குரியது. இன்றைய மாணவர் இக்கதையைப் படித்தவுடன் கேட்கும் முதற்கேள்வி, அப்பெண் உடன்பட்டாளா என்பது. அதற்குக் கதை தெளிவான விடை தருவதில்லை. உலகம் அறியாத பேதைமை, மருட்சி, திகைப்பு ஆகியவற்றின் நடுவே அது அவளை நிறுத்துகிறது. ஒப்புதல் என்னும் சொல் அவ்வுரையாடலில் நுழையாத காலம் அது. தூய்மையைப் பற்றியே அக்கதை பேசியது. அதை எதிர்த்தவர்களும் தூய்மையைப் பற்றியே பேசினர்.

எதிர்ப்பு கடுமையாக இருந்தது. கெட்டுப்போன பெண்ணை ஒரு குடம் தண்ணீரால் தூய்மையாக்கிவிட முடியுமா என்று வாசகர் கேட்டனர். கதைக்கு மாற்று முடிவுகளும் எழுதப்பட்டன. ஒரு வார இதழ்ச் சிறுகதையைச் சுற்றி இத்துணைப் பெரிய வாக்குவாதம் எழுந்தமைக்குக் காரணம், அவ்விதழ் குடும்பத்தார் அனைவரும் ஒன்றாகப் படிக்கும் இதழாக இருந்தமையே. தாய், மகள், தந்தை மூவர் கையிலும் அதே பக்கம் இருந்தது. இலக்கியச் சிற்றிதழில் வந்திருந்தால் இக்கதைக்கு இவ்வளவு பகைவர் கிடைத்திருக்கமாட்டார்கள். கங்கை என்னும் பாத்திரமும் பிறந்திருக்கமாட்டாள்.

ஏனெனில் ஜெயகாந்தன் இவ்வெதிர்ப்புக்குக் கட்டுரையால் மட்டும் விடை கூறி நின்றுவிடவில்லை. தாய் அவ்வாறு செய்யாமல், எதிர்த்தவர்கள் விரும்பியபடியே நடந்துகொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒரு நாவலாக எழுதினார். 'தினமணி கதிர்' இதழில் 'காலங்கள் மாறும்' என்னும் பெயரில் தொடராக வந்து, 1970இல் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' என நூலாயிற்று. 1972இல் சாகித்திய அகாதமி விருது பெற்றது. நாவலில் தாய் கனகம் தன் கூக்குரலை அடக்குவதில்லை. ஊர் அறிகிறது. அண்ணன் கணேசன் தங்கையை வீட்டைவிட்டு விரட்டுகிறான். வெங்கு மாமா என்னும் உறவினர் அவளுக்கு அடைக்கலம் தந்து படிக்க வைக்கிறார். அவருடைய பார்வையிலும் தூய்மை இல்லை. கங்கை படித்து உயர்ந்த பதவியில் அமர்கிறாள். சிறுகதையின் பெயரற்ற பெண்ணுக்குப் பெயரும் சம்பளமும் அலுவலக அறையும் கிடைத்துவிட்டன. ஆயினும் அவள் தலைமீது ஊற்றப்படாத அந்தத் தண்ணீரின் குறை நாவல் முழுவதும் தொடர்கிறது.

இந்நாவலின் அமைப்பில் ஒரு நுட்பம் உள்ளது. 'அக்கினிப் பிரவேசம்' என்ற கதை இந்நாவலுக்குள்ளேயே ஒரு பத்திரிகையில் வெளிவருகிறது. அதை எழுதியவர் ஆர்.கே.வி. என்னும் எழுத்தாளர். கங்கை அக்கதையைப் படிக்கிறாள், தாயும் படிக்கிறாள், படித்து அழுகிறாள். தான் செய்திருக்க வேண்டியதைக் கதைத்தாய் செய்திருப்பதைக் கனகம் காணும் அவ்விடம், தமிழ் நாவலின் மிகக் கொடிய பகுதிகளுள் ஒன்று என்று கருதுகிறோம். இலக்கியம் வாழ்க்கைக்கு வழிகாட்டும் என்பது நாம் ஆசிரியர்களாக அடிக்கடி சொல்வது. இங்கு அவ்வழிகாட்டல் பல ஆண்டுகள் காலந்தாழ்ந்து, யாருக்கும் உதவாத நிலையில் வந்து சேர்கிறது.

கங்கையின் வலிமை எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். அவள் உரத்துப் பேசுபவள் அல்லள். நாவலின் பெரும்பகுதி அவளுடைய தன்மைக் கூற்றில் நடக்கிறது. தன்னையும் பிறரையும் ஒரே கேலியுடன் அவள் நோக்குகிறாள். பேருந்து நெரிசலில் உரசும் ஆண்களையும், நல்லொழுக்கம் பேசும் அண்ணனையும், பாதுகாவலர் வேடத்தில் நெருங்கும் மாமாவையும் ஒரே தராசில் வைக்கிறாள். மாமா, திறமை இருந்தால் உன்னைக் கெடுத்தவனையே தேடிக் கண்டுபிடி, இல்லையேல் ஒருவனுக்கு வைப்பாக இருக்கத்தான் நீ தகுதி என்ற பொருளில் பேசும்போது, அதை அவள் அறைகூவலாக எடுத்துக்கொள்கிறாள். பிரபாகரனைத் தேடிக் கண்டுபிடிக்கிறாள். அவனோடு பழகுகிறாள். உடலுறவு ஏதுமில்லாத அந்நட்பை ஊர் வைப்பு என்று சொல்லும்போது மறுக்காமல் அப்பெயரைத் தானே சூடிக்கொள்கிறாள். தான் குற்றமற்றவள் என்று மெய்ப்பிக்கும் முயற்சியையே அவள் கைவிட்டுவிடுகிறாள். தீயிலும் இறங்கவில்லை, நீரையும் வேண்டவில்லை. அகலிகை கல்லாகி மறுத்ததைக் கங்கை அலுவலகம் சென்றுகொண்டும் காரில் வந்து இறங்கிக்கொண்டும் மறுக்கிறாள்.

ஆயினும் நாவலின் முடிவு நமக்கு நிறைவளிப்பதில்லை. பிரபு திருந்தி, அவளுக்குத் திருமணம் நடக்க வேண்டுமென்று விலகிச் செல்கிறான். அவள் குடிக்குள் வீழ்கிறாள். அவனைத் திருத்திய ஆற்றல் அவளைத் தாங்கவில்லை என்பது வாழ்க்கையில் நடக்கக்கூடியதே. ஆனால் அத்தனை கேலியறிவும் தற்காவலும் உடைய பெண்ணை ஓர் ஆணின் விலகலால் இவ்வளவு விரைவில் குலைத்தது ஆசிரியரின் அவசரம் என்றே தோன்றுகிறது. விதியை எதிர்த்த பெண்ணுக்கு விலை கட்டாமல் முடிக்க அக்காலத் தொடர்கதைக்குத் துணிவு போதவில்லை. பின்னர் 'கங்கை எங்கே போகிறாள்' (1978) என்று அவர் தொடர் நாவல் எழுதியதும் அம்முடிவு அவருக்கே அடங்காமல் இருந்ததைக் காட்டுகிறது.

1977இல் இந்நாவல் அதே பெயரில் திரைப்படமாக வெளிவந்தது. (அப்பெயரில் 2022இல் வந்த படத்தின் கதை முற்றிலும் வேறு, மாணவர் மயங்குவதுண்டு.) இயக்கியவர் ஏ. பீம்சிங். 'பாசமலர்' (1961) எடுத்தவர். தமக்கையும் தங்கையும் கண்ணீர் சிந்தக் குடும்பம் வாழும் படங்களால் புகழ்பெற்றவர். திரைக்கதையை ஜெயகாந்தனே எழுதினார். 'உன்னைப்போல் ஒருவன்' (1965) படத்தைத் தாமே இயக்கிய அவருக்குத் திரைமொழி புதிதன்று. கங்கையாக லட்சுமி, பிரபுவாக ஸ்ரீகாந்த், தாயாகச் சுந்தரிபாய், மாமாவாக ஒய். ஜி. பார்த்தசாரதி, எழுத்தாளர் ஆர்.கே.வி.யாக நாகேஷ் ஆகியோர் நடித்தனர். நகைச்சுவைக்கு என்றே அறியப்பட்ட நாகேஷை எழுத்தாளராக நிறுத்தியது துணிவான தேர்வு. லட்சுமிக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது.

நாவலில் கங்கையின் கேலி அவள் மனத்துக்குள் நடப்பது. அதைப் படத்தில் அப்படியே சொல்லாக்கினால் அவள் மற்றொரு வாயாடித் தலைவியாகிவிடுவாள். லட்சுமி அச்சுமையைப் பெரும்பாலும் முகத்தாலும் பேச்சைத் தாழ்த்திக்கொள்வதாலும் ஏற்கிறார். மாமாவை அவள் நேருக்கு நேர் எதிர்க்கும் கட்டத்தில்கூட அவைக்காட்சிக்குரிய முழக்கம் வேண்டப்படவில்லை. 1942 முதல் வளர்ந்த வார்ப்பிலிருந்து தமிழ்த் திரைப்படம் விலகிய இடம் இதுவாகும். கே. பாலசந்தரின் 'அவள் ஒரு தொடர்கதை' (1974) படத்தில் சுஜாதா நடித்த கவிதா இதற்கு முன்னோடி. குடும்பத்தைச் சுமக்கும் அவள் நாவு கூரியது. எனினும் அவளுடைய கடுமைக்குத் தியாகம் என்னும் காரணம் கூறப்பட்டு, பார்வையாளர் அவளை மன்னிக்க வழி செய்யப்படுகிறது. கங்கைக்கு அத்தகைய காரணம் ஏதுமில்லை. மறு ஆண்டில் வந்த ருத்ரய்யாவின் 'அவள் அப்படித்தான்' (1978) படத்தில் ஸ்ரீபிரியாவின் மஞ்சு இவ்வழியில் இன்னும் ஒரு படி சென்றாள்.

இதுவரை நாம் குறிப்பிட்ட ஆசிரியர்களும் இயக்குநர்களும் ஆண்கள் என்பதை மறைக்க இயலாது. 1976இல் அம்பையின் 'சிறகுகள் முறியும்' தொகுதி வெளிவந்தது. கங்கை திரைக்கு வருவதற்குச் சற்று முன்பு. அங்குள்ள பெண்கள் தூய்மை பற்றிய வழக்கில் வெல்லவோ தோற்கவோ முனைவதில்லை. அன்றாட இல்லற வாழ்வில் ஒரு பெண்ணின் மனம் எவ்வாறு சிறுகச் சிறுகக் குறைக்கப்படுகிறது என்பதே அங்கு விவாதம். சி. எஸ். லட்சுமி என்னும் தம் இயற்பெயரில் அவர், முகமூடிக்குப் பின்னுள்ள முகம் எனப் பொருள்படும் தலைப்பில் 1984இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ஆய்வுநூல், தமிழ் இலக்கியம் வரைந்த பெண்ணுருவங்களை வரலாற்று நோக்கில் ஆராய்ந்தது. தாய்மை, கற்பு, தியாகம் என்னும் உருவங்களுக்குள் பெண் அடைக்கப்பட்டதைக் காணும் அக்கண்ணோட்டத்தில் வைத்துப் பார்த்தால், 'அக்கினிப் பிரவேச'த்தின் தாயும் ஓர் இலட்சிய உருவமாகவே தெரிகிறாள். நம் மதிப்பீடு அதனின்று சிறிது வேறுபடுகிறது. அத்தாய் இலட்சியம் ஆவதற்கு முன் மகளை அடித்தாள், அண்டை வீட்டுக்குப் பயந்தாள். அந்தச் சில வரிகள் அவளை உருவமாகாமல் காக்கின்றன.

ஆசிரியர்கள் 'அக்கினிப் பிரவேசம்' கதையை மட்டும் தனித்துப் பாடமாக எடுத்துக்கொள்வது வழக்கமாக உள்ளது. அது குறுகியது, ஒரு பாடவேளைக்குள் முடியும், தாயன்பு என்னும் கருப்பொருளில் எளிதாக அடங்கும். அவ்வாறு கற்பிக்கும்போது மாணவியர் எடுத்துச்செல்வது, தவறியவளையும் மன்னிக்கலாம் என்னும் செய்தி. அவள் தவறினாளா என்னும் கேள்வி அறைக்குள் வருவதில்லை. எம் வகுப்பில் சிறுகதைக்கு முன் 'சாப விமோசன'த்தையும், பின் கனகம் கதையைப் படித்து அழும் நாவற்பகுதியையும் சேர்த்து வைக்கிறோம். அப்பகுதி முடிந்ததும் வகுப்பில் பெரும்பாலும் முதலில் எழும் கேள்வி தாயைப் பற்றியதாக இருப்பதில்லை. அக்கதையைக் கங்கை படிக்கும்போது அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்பதாகவே இருக்கிறது.